இதய ஸ்கேன்: யாருக்குப் பயன், யாருக்கு வீண் செலவு?

(அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)





நிர்வாகிகள் என்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார்கள். "நாற்பது வயது தாண்டிய எல்லோரையும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பி, இதய ஸ்கேன் எடுக்க மருத்துவ நிதியிலிருந்து உதவலாமா?" என்பது கேள்வி. அதன் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. "நல்லாத்தானே இருந்தார், இஷா தொழுதுட்டு வீட்டுக்குப் போனார், காலையில மவுத்துங்கறாங்க" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆதங்கம் நியாயமானது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் வேண்டாம். ஒரு சிலருக்கு அது மிகவும் உதவும். அந்த ஒரு சிலர் யார் என்று தெரிந்துகொண்டால் நிதியும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

எது இதய ஸ்கேன்?

நம் ஊரில் எக்கோ எடுத்தவரும் "ஹார்ட் ஸ்கேன் எடுத்துட்டேன், நார்மல்" என்கிறார். எக்கோ என்பது ஒலி அலைகளால் எடுப்பது. இதயம் எவ்வளவு வலுவாக ரத்தத்தைத் தள்ளுகிறது, வால்வுகள் சரியாக இருக்கின்றனவா என்று அது காட்டும். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்திருப்பதை அது காட்டாது. ஈ.சி.ஜி. என்பது அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது. டிரெட்மில்லில் நடக்கவிட்டுச் செய்யும் பரிசோதனை, ரத்த ஓட்டம் குறையும் அளவுக்குப் பெரிய அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது.

படிவையே நேரில் பார்ப்பது சி.டி. ஸ்கேன். அதில் இரண்டு வகை. ஊசி, மருந்து எதுவும் இல்லாமல் சில நிமிடங்களில் எடுப்பது கால்சியம் ஸ்கோர். கையில் ஊசி மூலம் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, குழாயின் உள்வழியையும் படம் பிடிப்பது சி.டி. ஆஞ்சியோகிராம். இரண்டாவதற்கு முன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று பார்க்க வேண்டும். இன்று நான் பெரும்பாலும் பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

படிவும் கால்சியமும்

நம் மாவட்டத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். குழாயிலும் பாத்திரத்திலும் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோம். இதயக் குழாயிலும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கொழுப்பு படிவது குழாயின் உள்வழியில் அல்ல, குழாயின் சுவருக்குள்ளே. பல ஆண்டுகள் கழித்து அந்தப் படிவின் சில பகுதிகளில் கால்சியம் சேர்ந்து கெட்டியாகிறது. இது பால் குடிப்பதால் வரும் கால்சியம் அல்ல. புண் ஆறித் தழும்பாவது போன்றது.

மாரடைப்பு பெரும்பாலும் இளகிய கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. பாதி வழியைக்கூட அடைக்காத படிவும் வெடிக்கலாம். டிரெட்மில் பரிசோதனை நார்மல் என்று வந்தவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான். கால்சியம் ஸ்கேன் இளகிய படிவைக் காட்டாது, கெட்டியான படிவைத்தான் காட்டும். ஆனால் கெட்டியானது எவ்வளவு இருக்கிறதோ, அதை ஒட்டி இளகியதும் இருக்கும் என்று கணிக்கலாம்.

இதற்கு மதிப்பெண் போடும் முறையை அமெரிக்காவின் மயாமியில் ஆர்தர் அகாட்ஸ்டன், வாரன் ஜானோவிட்ஸ் ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் அடர்த்தியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் ஸ்கோர். 0 என்றால் கெட்டியான படிவு இல்லை. 1 முதல் 99 வரை லேசானது. 100 முதல் 399 வரை நடுத்தரம். 400-க்கு மேல் மிக அதிகம். வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு 50 வந்தால் பெரிய ஆச்சரியம் இல்லை. நாற்பத்தைந்து வயதில் அதே 50 வந்தால் அது எச்சரிக்கை.

கதிர்வீச்சைப் பற்றிப் பயம் வேண்டாம். ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஓராண்டில் நம் உடல் பெறுவதைவிடக் குறைவு. அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது. கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது.

யாருக்கு வேண்டாம்?

நெஞ்சு வலி இப்போது இருப்பவருக்கு இந்த ஸ்கேன் கூடாது. அவருக்கு உடனே ஈ.சி.ஜி. வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்கு வேண்டாம். நோய் இருப்பது தெரிந்த விஷயம். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவதே அவர்களுக்கு வேலை.

நாற்பது வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் வேண்டாம். ஸ்கோர் எதுவாக இருந்தாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. விடை தெரிந்த கேள்விக்கு ஏன் ஆயிரக்கணக்கில் செலவு?

யாருக்கு உதவும்?

நடுவில் நிற்பவருக்கு உதவும். வயது நாற்பது, ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. எந்த வலியும் இல்லை. கொலஸ்ட்ரால் கொஞ்சம் அதிகம், பிரஷர் எல்லையில் இருக்கிறது. அல்லது அத்தாவுக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மாவுக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை சொல்கிறார், இவரோ "வாழ்நாள் முழுக்கவா?" என்று தயங்குகிறார். இவருக்கு ஸ்கேன் ஒரு தெளிவைத் தரும். அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஸ்கோர் 100 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரையைத் தொடங்க வேண்டும். 1 முதல் 99 வரை என்றால் தொடங்குவது நல்லது, குறிப்பாக 55 வயதைக் கடந்தவர்கள். 0 என்றால் இப்போதைக்கு மாத்திரை இல்லாமல் கவனித்து வரலாம்.

ஆனால் இந்த 0 விஷயத்தில் கவனம் தேவை. புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, இளவயது மாரடைப்பு உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆகியோர் 0 வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இளம் வயதில் படிவு இளகிய நிலையிலேயே இருக்கும், ஸ்கேனில் தெரியாது. நம் மக்களுக்கு இது முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரியவந்தது. நமக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

இன்னொன்று. இந்த மதிப்பெண்ணை உலகம் நம்புவதற்குக் காரணமான மெசா என்ற பெரிய ஆய்வு 2000-இல் அமெரிக்காவில் 6,814 பேரை வைத்துத் தொடங்கியது. அதில் வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், சீனர் இருந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் இல்லை. அதனால்தான் 2010-இல் அங்கே வாழும் தெற்காசியர்களுக்கென்று மசாலா என்ற பெயரிலேயே தனி ஆய்வைத் தொடங்கினார்கள். நம் ஆண்களின் குழாய்களில் வெள்ளையர்களுக்கு இணையான படிவு இருப்பதை அது காட்டியது.

ஸ்கோர் அதிகம் என்றால் ஆபரேஷனா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பெரிய எண்ணைப் பார்த்ததும் நகையை அடகு வைத்து ஸ்டென்ட் வைக்க ஓடும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து நிதானியுங்கள். வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லாதவருக்கு, ஸ்கோரை மட்டும் வைத்து ஸ்டென்ட் வைப்பதில்லை. இந்தியாவும் பங்கேற்ற இஸ்கீமியா என்ற ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. 5,179 பேர் அதில் இருந்தார்கள். மாரடைப்பு வராமல் நிலையாக இருக்கும் இதய நோயாளிகளில், முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும். அது வேறு நிலைமை, இது வேறு நிலைமை.

மாத்திரை தொடங்கிய பிறகு வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஸ்டேட்டின் இளகிய படிவைக் கெட்டியாக்குவதால் ஸ்கோர் கொஞ்சம் ஏறவும் கூடும். அதைப் பார்த்து "மாத்திரை வேலை செய்யல" என்று நிறுத்திவிடுவது ஆபத்து. நோன்பு மாதத்திலும் ஸ்டேட்டினை இஃப்தாருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் நேரத்தை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகவே தினமும் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

நெஞ்சு வலி வந்தால்

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை. இவற்றை "கேஸ்" என்று சொல்லி சோடா குடித்து உட்கார்ந்திருக்கக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பென்னாகரத்திலோ அரூரிலோ இருப்பவர் சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த வழியிலேயே இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நிதியை எதற்குச் செலவிடலாம்?

இன்டர்ஹார்ட் ஆய்வை நடத்திய டாக்டர் சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்தவர். 2004-இல் அவர் குழு வெளியிட்ட முடிவு: ஒன்பது காரணங்களே மாரடைப்பு ஆபத்தில் ஆண்களுக்கு 90 சதவீதமும் பெண்களுக்கு 94 சதவீதமும் ஆகின்றன. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவு, உடற்பயிற்சி இன்மை, மது தொடர்பான பழக்கம். இவற்றைக் கண்டுபிடிக்க சேலம் போக வேண்டியதில்லை. பிரஷர் கருவி, சர்க்கரை, கொழுப்பு ரத்தப் பரிசோதனை, ஒரு அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

ஆகவே நிர்வாகிகளுக்கு என் யோசனை இது. மாதம் ஒரு முறை பிரஷர், சர்க்கரை பாருங்கள். அதிகமாக இருப்பவரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது, மாத்திரை வீட்டுக்கே வரும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் யார் என்று தெருவாரியாக விசாரியுங்கள். பீடியையும் ஹான்ஸையும் விட நினைக்கும் இளைஞர்களுக்குத் துணை நில்லுங்கள். நடுவில் நிற்பவர் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், அவருக்கு ஸ்கேன் செலவில் தாராளமாக உதவுங்கள்.

நூறு பேருக்கு ஸ்கேன் எடுக்கும் பணத்தில், வசதியில்லாத பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுக்க மாத்திரை வாங்கித் தரலாம். முதல் பரிசோதனை முகாமை எந்த வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று இன்றே முடிவு செய்யுங்கள். பிரஷர் பார்க்க நான் வருகிறேன்.