பொறுத்துப் பெறுவதா, உடனே பெறுவதா?



வெளிமாநிலங்களில் வாழும் நம்மிடம் ஊரிலுள்ளோரின் குரல் இன்று சிறுசிறு பொட்டலங்களாகவே வந்து சேருகின்றது. வரும் பொட்டலத்தை ஏற்கக் கணிப்பொறி தன் நினைவகத்தில் இடம் பெறவேண்டும். அவ்விடத்தை எம்முறையில் கேட்பது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸின் உட்கருவாகிய கர்னலை எடுத்துக்கொள்வோம். அதில் இடங்கேட்கும் முறைகளுள் முதன்மையானவை இரண்டு. 'ஜி.எஃப்.பி. கர்னல்' என்பது பொறுத்திருக்கும் முறை. இடம் இல்லையெனில், பழையன அகற்றப்பட்டு இடம் உண்டாகும் வரை, கேட்ட பணி உறங்கலாம். 'ஜி.எஃப்.பி. அட்டாமிக்' என்பது பொறுக்கவியலாத முறை. இருந்தால் உடனே கிடைக்கும்; இன்றேல் உடனே மறுக்கப்படும். இதற்கென ஒதுக்கிய சேமிப்பிலிருந்தும் ஓரளவு எடுக்கலாம்.

அட்டாமிக் என்பதை 'அணு' எனப் பெயர்த்தால் கருத்துக் கெடும். பகுக்கவொண்ணாதது என்ற மூலப்பொருளே இங்குப் பொருந்துவது. இடையில் நிறுத்தலாகாத பணி என்க.

பிணைய அட்டை குறுக்கீடு செய்து, பொட்டலம் வந்ததென அறிவிக்கும் வேளையில் உறங்குதல் ஆகாது. சுழல்பூட்டைப் பிடித்திருக்கும்போதும் ஆகாது. பூட்டுக்குரியவர் உறங்கினால், அதற்காகச் சுழன்று காத்திருக்கும் செயலிகள் வீணே சுழலும். கணிப்பொறியே செயலற்றுப் போகக்கூடும். இவ்விடங்களில் அட்டாமிக் முறையே தக்கது. பிணைய அட்டையை முதலில் இயக்கிவைக்கும்போதோ பொறுத்திருக்க நேரமுண்டு. அங்குக் கர்னல் முறையே தக்கது.

அங்ஙனமாயின், எங்கும் அட்டாமிக் என்றே எழுதிவிட்டால் தொல்லையில்லையே எனச் சிலர் கருதலாம். ரயிலில் அவசர ஒதுக்கீடு உள்ளதை நாம் அறிவோம். நாள் குறித்துச் செல்பவரும் அதனையே நாடினால், இழவுச் செய்தி கேட்டு ஓடுபவருக்கு இடமிராது. இங்கும் அவ்வாறே. சேமிப்பு தீர்ந்தால் வரும் பொட்டலங்கள் கைவிடப்படும். டி.சி.பி. நெறி அவற்றை மீண்டும் அனுப்பும்; தாமதம் மட்டுமே நேரும். யு.டி.பி. நெறியோ தானாக மீண்டும் அனுப்பாது. பேச்சு பெரும்பாலும் அவ்வழியே செல்வதால், சொல் இடையில் அறுந்துபோகும். எம்முறையில் கேட்டாலும் மறுக்கப்படின் செய்வது யாதென முன்னரே எழுதிவைத்தலும் கடமையாகும்.

ஆகவே, நிரல் எழுதுவோர் தம்மையே வினவ வேண்டுவன இரண்டு: நாம் நிற்கும் இடத்தில் உறங்கலாமா? கையில் பூட்டு ஏதேனும் உளதா? இவற்றுக்கு விடை தெரிந்தபின் முறையைத் தேர்தல் எளிது. காத்திருக்க இயன்றவர் காத்திருப்பதனால்தான், காத்திருக்க இயலாதவர்க்கு இடம் எஞ்சுகின்றது.