நல்ல சரக்குக்கு நல்ல படம்

(சங்கரன்கோவிலில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள், மகளிர் குழுவினர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிணறு, சாலை, விதை, உரம் என்று பேசிப் பழகிய மேடையில் புகைப்படம் எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன வேடிக்கை என்று சிலர் நினைக்கக்கூடும். விளைவிப்பதும் நெய்வதும் பாதி வேலை, விலையாக்குவது மறுபாதி. அந்த மறுபாதியில் இன்று படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935இல் தோன்றிய காலந்தொட்டு, சேலை வாங்க வருபவர் கடைக்குள் வந்து, முந்தானையை விரித்து, துணியை விரலால் தடவிப் பார்த்தே வாங்கினார். இன்றோ சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர் தம் கைப்பேசியில் தெரியும் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புகிறார். அவருக்குத் துணியும் நாமும் அப்படத்துக்குள்தான் இருக்கிறோம்.

இவ்வூர் விசைத்தறிப் பருத்திச் சேலைகளுக்குப் பெயர்பெற்றது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் நேரில் கண்ட ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். ஒரு நெசவாளர் வீட்டில் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை இரவு நேரத்தில், குழல் விளக்கின் கீழே, நாமே படம் எடுத்துக் கொடுத்தோம். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சேலை நீலமாகத் தெரிந்தது. அதை நாம் கவனிக்கவில்லை. நீலச் சேலை என்று எண்ணி வாங்கியவர், பொட்டலத்தைப் பிரித்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். போகக் கூலி, வரக் கூலி இரண்டும் நெசவாளர் தலையில் விழுந்தன. அச்சேலையில் கிடைக்கவேண்டிய லாபம் அதற்குப் போதவில்லை. வாங்கியவர் பொய் சொல்லவில்லை. நெசவாளரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நாம் எடுத்த படம்.

ஆகையால் முதலில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோம். காசு கொடுத்து விளக்கு வாங்க வேண்டாம். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, நேர் வெயில் படாத திண்ணையோ, வடக்குப் பார்த்த சன்னலோரமோ போதும். வெயிலில் விரித்து எடுத்தால் நூலின் நயம் வெளுத்துப் போகும். மடிப்பில் கறுப்பு நிழல் விழும். சித்திரை மாத நண்பகலில் நம் பகுதியில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கிறது. அந்த நேரத்தில் காமிராவை உறையிலேயே வைத்திருங்கள். சன்னல் வழியாக வெயில் நேராக விழுமானால், ஒரு வெள்ளை நாலு முழ வேட்டியை அதன் குறுக்கே கட்டுங்கள். வெளிச்சம் பாலில் நனைந்ததுபோல் மென்மையாகிவிடும். பொருளுக்கு ஒரு பக்கம் சன்னல் இருந்தால் மறுபக்கம் இருண்டிருக்கும். அங்கே ஒரு தெர்மாகோல் பலகையையோ வெள்ளை அட்டையையோ நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி வந்து நிழலைக் குறைக்கும். இவ்வளவும் சேர்ந்தாலும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேற்படாது.

ஒன்றை மறக்கலாகாது. பகல் வெளிச்சத்தில் எடுக்கும்போது வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகலொளிக்கு ஒரு நிறம், விளக்குக்கு வேறு நிறம். இரண்டும் ஒரே துணியில் விழுந்தால் காமிரா குழம்பிப் போகிறது. படம் முழுவதும் ஒரே அடர்ந்த சிவப்போ மஞ்சளோ நிறைந்திருந்தாலும் அது நிறத்தைத் தவறாகக் கணிப்பதுண்டு. அதனால் சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் இடத்தை மாற்றி எடுங்கள். பிறகு சேலையையும் கைப்பேசியையும் அதே சன்னலோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கத்தரிப்பூ, அரக்கு ஆகிய நிறங்கள் அப்படியும் முரண்டு பிடித்தால், நிறத்தை வார்த்தையால் எழுதிவிடுங்கள்: “படத்தில் தெரிவதைவிடச் சற்றுச் சிவப்புச் சாயல் கூடுதல்.” இப்படி எழுதுவதால் விற்பனை குறையும் என்று அஞ்ச வேண்டாம், திரும்பி வருவதுதான் குறையும்.

துணியைத் தொலைவிலிருந்து விற்கும் முயற்சி புதிதன்று. 1866இல் இலண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டி, அப்படி இருபது படிகள் தயாரித்தார். படம் போதாதென்று துணியையே ஒட்டினார் என்பதைக் கவனியுங்கள். அதன் நோக்கம் நம் நெசவாளருக்குச் சந்தை தேடுவதன்று. எப்படிப்பட்ட துணி நெய்தால் இந்தியாவில் விலைபோகும் என்று ஆங்கிலேய ஆலைக்காரர்களுக்குக் காட்டுவது. அந்த யுக்தியை இன்று நம் நன்மைக்கே நாம் கையாளலாம். தொடர்ந்து வாங்கும் வியாபாரிக்குப் படத்தோடு இரண்டு விரற்கடைத் துண்டுத் துணியும் அஞ்சலில் போகட்டும்.

சேலைக்கு ஒரு படம் போதாது. மடித்த நிலையில் ஒன்று, முந்தானை முழுவதும் தெரிய ஒன்று, கரை நெருக்கத்தில் ஒன்று, பாவும் ஊடையும் தெரியுமாறு மிக அருகில் ஒன்று, பின்புறம் ஒன்று. இஸ்திரி போட்ட பிறகே எடுக்க வேண்டும். பின்னணியில் பாயும் பாத்திரமும் காலண்டரும் தெரியலாகாது. வெள்ளைச் சார்ட் தாளைச் சுவரிலிருந்து பலகை வரை வளைவாக இறக்கிவிட்டால் மூலைக்கோடு தெரியாது. சிறு பொருள்களுக்கு அதுவே போதும். வெள்ளைச் சேலைக்கு மட்டும் சாம்பல் நிறத் தாள் நல்லது. கைப்பேசியின் கண்ணாடியை முதலில் துடையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் துடைப்பதில்லை என்று நாம் பந்தயம் கட்டுவோம். விரலால் பெரிதாக்கி எடுக்காமல், காலால் நடந்து அருகில் போங்கள். கை நடுங்கினால் மரக்காலைக் கவிழ்த்து, கைப்பேசியை அதன்மேல் சார்த்தி, மூன்று வினாடி தாமதம் வைத்து எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நயம் குறையும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் குறையாது.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. அண்டையிலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் பெரிதானால் பார்வையும் கூடும். பழத்தைக் குவியலாக எடுப்பதோடு, ஒன்றை அறுத்துச் சாறும் தோலின் கனமும் தெரிய எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இருக்கட்டும். மிளகாய் வற்றலைக் குவித்து எடுத்தால் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். தாளில் பரப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொன்றின் சுருக்கமும் காம்பும் தெரியும். சொத்தை இருந்தால் அதுவும் தெரியும். தெரியட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கைத்தறியின் படத்தைப் பக்கத்தில் போட்டு விசைத்தறிச் சேலையை விற்பது சிலரிடம் வழக்கமாகி வருகிறது. கைத்தறிக்கென்று 2006 முதல் தனி முத்திரை இருக்கிறது. விசைத்தறிச் சேலை நல்ல சேலை. அதற்கு இரவல் கௌரவம் வேண்டியதில்லை. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், படமும் விவரமும் பொருளோடு ஒத்திருக்க வேண்டும் என்றே கூறுகின்றன. வண்ணத்தைக் கூட்டிக் காட்டும் வசதிகள் கைப்பேசியில் பல உண்டு. அவற்றைக் கல்யாணப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோர் வீட்டிலும் நல்ல சன்னல் இருப்பதில்லை; ஒற்றை அறையில் தறியும் அடுப்பும் தொட்டிலும் சேர்ந்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பஞ்சாயத்துக் கட்டடத்திலோ மகளிர் குழுக் கட்டடத்திலோ வடக்குப் பார்த்த ஒரு மூலையை ஒதுக்கி, ஒரு மேசை, நாலு சார்ட் தாள், ஒரு வேட்டி, ஓர் இஸ்திரிப் பெட்டி வைத்தால் வாரத்தில் இரு காலைப் பொழுதுகளில் ஊரார் யாவரும் பயன்படுத்தலாம். மகளிர் குழுப் பொருள்கள் ‘மதி’ என்னும் பெயரில் விற்பனைக்குச் செல்லும் இக்காலத்தில், பள்ளி இறுதி வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு இவ்வேலையைப் பழக்கிவிட்டால் குழு முழுவதற்கும் உதவும். அவளுக்கு ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலியும் கொடுங்கள். தங்கை முறை, மகள் முறை என்று சொல்லி இனாமாக வேலை வாங்காதீர்கள்.

இப்பொழுது மணி ஒன்பதரை. சேலையோ பழமோ கொண்டு வந்திருப்பவர்கள் வடக்குத் தாழ்வாரத்துக்கு வாருங்கள். வேட்டியைக் கட்டி வைத்திருக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு படங்களாவது எடுத்துப் பார்த்துவிடலாம்.