இசை படிக்க ஆசை, கட்டணத்துக்கு என்ன வழி?



பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் ஒரு பிள்ளை, இசையையே பட்டப்படிப்பாக எடுக்க ஆசைப்படுகிறது. “அதெல்லாம் வசதி உள்ளவங்களுக்குப்பா, நமக்குக் கட்டுப்படியாகாது” என்று அப்பா சொல்கிறார். அத்தோடு பேச்சு முடிகிறது. கட்டணம் எவ்வளவு, உதவி கிடைக்குமா என்று அந்த வீட்டில் யாரும் விசாரிக்கவே இல்லை. கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கேட்காமலே கைவிட்ட ஆசை காலமெல்லாம் உறுத்தும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 2003ல் முதல் மாணவர்களைச் சேர்த்த கல்லூரி அது. இளங்கலைப் படிப்பு 4 ஆண்டு. ஆடிஷன் எனப்படும் வாசிப்புத் தேர்வில் தேறினால்தான் இடம். இடம் கிடைத்த பிறகு பணத்துக்கு என்ன வழி?

முதலாவது, கல்வி அமைச்சின் கட்டண மானியம். கட்டணத்தின் ஒரு பகுதியை இது குறைக்கிறது. குடிமக்களுக்கு இதில் எந்தக் கடப்பாடும் இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால், படிப்பு முடிந்து 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். இசைக் கலைஞருக்கு மாதச் சம்பள வேலை எளிதில் அமைவதில்லை. ஆகவே ஜோகூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ பிள்ளையை அனுப்பும் பெற்றோர், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு உதவிகள். உபகாரச் சம்பளம் முக்கியமாகத் திறமை பார்த்துத் தரப்படுவது. கல்வி உதவிநிதி குடும்பத்தின் தேவை பார்த்துத் தரப்படுவது. உதவிநிதியைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. “நம்ம பிள்ளை முதல் இடத்தில் வரவில்லையே” என்று எண்ணி உதவிநிதிக்கும் மனுப் போடாமல் இருப்பது வீண் இழப்பு.

தேவையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வீட்டில் உள்ள எல்லாருடைய மொத்த மாதச் சம்பளத்தையும் கூட்டி, குடும்பத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். மாதம் 4,800 வெள்ளி வரும் வீட்டில் 6 பேர் இருந்தால், ஆளுக்கு 800 வெள்ளி. 3,600 வெள்ளி வரும் வீட்டில் 3 பேர் என்றால், ஆளுக்கு 1,200 வெள்ளி. சம்பளம் கூடுதலாக வரும் முதல் வீட்டுக்கே தேவை அதிகம் என்று கணக்கு சொல்கிறது. “எங்கள் சம்பளத்துக்குக் கிடைக்காது” என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இங்கே சம்பளம் என்பது மத்திய சேமநிதிப் பிடித்தத்துக்கு முந்திய தொகை என்பதையும் மறக்க வேண்டாம்.

மீதித் தொகைக்குக் கடன் உண்டு. கல்விக் கட்டணக் கடன், குடிமக்கள் கட்டும் மானியக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆனால், உத்தரவாதம் தர ஒருவர் வேண்டும். பெற்றோரின் சேமநிதியிலிருந்தும் கட்டணம் கட்டலாம். ஆனால் அது அன்பளிப்பு அல்ல. அம்மா அப்பாவின் முதுமைக்காலப் பணம் அது. பிள்ளை வட்டியோடு திருப்பிக் கட்டியாக வேண்டும்.

இந்தச் சலுகைகள் எல்லா இசை வகுப்புகளுக்கும் பொருந்துவதில்லை. பகுதிநேரப் படிப்பிலோ தனியார் பள்ளியிலோ சேருமுன், எந்த உதவி அங்கே செல்லும் என்று முதலில் கேளுங்கள்.

கல்லூரியில் சேரும் மனு வேறு, நிதியுதவி மனு வேறு. இரண்டுக்கும் கடைசித் தேதியும் வேறு. சம்பளச் சீட்டு, வருமான வரிக் கடிதம் போன்ற தாள்களை ஆடிஷனுக்குப் பயிற்சி செய்யும் நாள்களிலேயே எடுத்து வையுங்கள். பிள்ளை வயலினுக்குச் சுருதி சேர்க்கட்டும். பெற்றோர் தாள்களைச் சேர்க்கட்டும்.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில், “கட்டுப்படியாகாது” என்பதற்குப் பதிலாக, “எவ்வளவு ஆகும், வா பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள்.