அளவறிந்து உண்பதும் அறமே
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட அன்பர்களிடையே ஆற்றிய உரை)



1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைச் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்களுள் நம் முன்னோரும் உண்டு. முதுகிலே கூடை சுமந்து, பொழுதெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த உடம்பு அவர்களுடையது. உண்ட சோறும் சீனி போட்ட தேநீரும் உழைப்பிலே கரைந்தன.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு குறைந்தது, உணவோ பெருகிவிட்டது. 1973-இல் கே.எஃப்.சி.யும் 1982-இல் மெக்டானல்ட்ஸும் கோலாலம்பூரில் முதற்கடைகளைத் திறந்தன. இன்று துரித உணவு நாடெங்கும் கிடைக்கிறது. வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கு அது வசதிதான். அதை நான் குறை கூறவில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! கால் இழந்தவரையும், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மும்முறை செல்பவரையும் அறியாத குடும்பம் நம்மில் உண்டா?

பொறுப்பு யாருடையது? துரித உணவால் உடல் பருத்ததென்று 2002-இல் நியூயார்க் இளம்பெண்கள் இருவர் சார்பில் மெக்டானல்ட்ஸ் மீது வழக்குத் தொடுத்தனர். மிகுதியாக உண்டால் கேடு என்பது தெரிந்த செய்தியே என்று கூறி, நீதிபதி ராபர்ட் ஸ்வீட் 2003-இல் அதைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் வழக்கின் ஒரு பகுதி மீண்டும் உயிர் பெற்றது. கடைக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் அரசும் 2019 ஜூலை முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்து, 2025-இல் அதை 90 சென்னாக உயர்த்தியது. எனினும், அந்த வரி கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரேக்கைத் தொடாது. அங்கே அளவு சொல்ல வேண்டியவர் நாம்தான்.

துரித உணவை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் பிள்ளைகளோடு உண்ணுங்கள், அன்றாட வழக்கமாக்காதீர்கள். பொரித்த கோழியோடு இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர் கேளுங்கள். ரொட்டி சானாய் ஒன்று போதும். சீனி குறைக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள். திருக்குறளில் மருந்தைப் பற்றிய அதிகாரமே, அளவறிந்து உண்பதைத்தான் பெரிதும் பேசுகிறது.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கலர் தண்ணீருக்குப் பதில் நல்ல குடிநீரும் நீர்மோரும் வழங்குங்கள். அன்னதான இலையிலே காய்கறி மிகட்டும், இனிப்பு சிறிதாகட்டும். உண்பவருக்கு அளவு கடமையென்றால், கொடுப்பவருக்கும் அது கடமையே. தருமம் பெற்றவர் நோயின்றி வீடு திரும்பினால்தான் அது நிறைவான தருமம்.

இறையருளால் அனைவரும் நலமுடன் வாழ்க.