இருமொழிப் பயிற்சியும் மனத்தின் நெகிழ்ச்சியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரண்டு மொழிகளை ஒருங்கே கற்பித்தாற் பிள்ளையின் புத்தி குழம்பிவிடும் என்னும் அச்சம் நம் பெற்றோர் பலருக்கு உண்டு. அதனால் வீட்டிலே தமிழை விலக்கி ஆங்கிலத்தை மட்டும் வழங்குவோர் உளர். சிங்களத்தை அண்டவிடாதோரும் உளர்.

ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளரும் இவ்வாறே கூறினர். குடியேறிய ஏழைப் பிள்ளைகளை வசதியுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டு, வறுமையின் குறையை மொழியின்மேற் சுமத்தினர். 1962-இல் கனடாவின் மொன்றியல் நகரிலே பீல், லாம்பேர்ட் என்னும் இருவர், குடும்ப நிலையையும் கருத்திற்கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்தோரே முன்னின்றனர். மன நெகிழ்ச்சி அதற்குக் காரணமாகலாம் என்றனர். ஆயினும் இதனை வேதவாக்காகக் கொள்ளலாகாது. பெருந்தொகையினரை வைத்து அண்மையிற் செய்த ஆய்வுகள் பலவற்றில் அம்மேன்மை புலப்படவில்லை. இருமொழி பேசுவோரெல்லாம் மேதாவிகளாயின், நம் சந்தையில் நடக்க இடமிராதே!

ஆனால் ஒன்றை நாமே காணலாம். தமிழில் ‘நாம்’ என்றாற் கேட்பவரும் அடக்கம். ‘நாங்கள்’ என்றால் அவர் புறம்பு. சிங்களத்தில் இரண்டுக்கும் ‘அபி’ ஒன்றே. ‘அபி’ என்பதைத் தமிழாக்கும் பிள்ளை, கேட்பவரைச் சேர்ப்பதா விடுப்பதா என்று எண்ணியே வாய்திறக்க வேண்டும். நமக்குக் கறிக்கிடும் மல்லி, அவர்களுக்குத் தம்பி! பெயர் வேறு, பொருள் வேறு என்பதை எந்த உபாத்தியாயரும் சொல்லாமலே பிள்ளை உணர்கிறது.

1892-இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் அறிவோம். ஆங்கிலக் கல்வியும் விஞ்ஞானமும் பயின்ற அவர், 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானார். மதங்கசூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களை வடமொழி நாடக இலக்கணத்தோடு அருகருகே வைத்தார். 1947-இல் வெளிவந்த யாழ்நூலிற் சிலப்பதிகாரத்து இசைக் குறிப்புக்களைக் கணிதங்கொண்டு அளந்தார். ஒரு மொழிக்குள் மட்டும் நின்றவர்க்கு அந்த வினாவே எழுந்திராது என்பது எம் கருத்து. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்தவரல்லர் அவர்.

விட்டுப்போவதும் நம் வாவிக் கரையிலேயே உண்டு. 1638-இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னரும், இங்குள்ள பறங்கியர் போர்த்துக்கேயத்தையும் தமிழையும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்தே பேணினர். இன்று அதனைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. பாட்டி அம்மொழியிற் கேட்க, பேரன் தமிழில் விடை சொல்கிறான். நம் வீடுகள் சிலவற்றிலோ, தாய் தமிழிற் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கியிருக்கிறது.