கேட்டுப் பெறுவோம், கட்டி முடிப்போம்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்குக் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "வேளாண்மை அலுவலருக்கு வீட்டைப் பற்றி என்னய்யா பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

விதைநெல்லில் ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் வைத்திருந்தால்தான் முளைப்புத்திறன் நிற்கும். ஒழுகுகிற கூரையின் கீழே அது எப்படி நிற்கும்? நெல்லை வைக்க நனையாத மூலை இல்லாதவர், களத்திலேயே வந்த விலைக்கு விற்றுவிடுகிறார். நடவுக்கு ஆள் இல்லை, களையெடுக்க ஆள் இல்லை என்று எல்லா ஊரிலும் குறைப்படுகிறோம். மழை வந்தால் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற இடத்தில் குடியிருப்பவர், எத்தனை காலம் நம் ஊரிலேயே இருப்பார்? ஆகவே வீடும் விவசாயத்தைச் சேர்ந்த விஷயந்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குடிசைகள் போயின. திரும்ப வேயலாம் என்றால், கீற்றுக் கொடுக்கும் தென்னையும் சாய்ந்து கிடந்தது. உறுதியான வீடு ஏழைக்கு ஆடம்பரம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1985இல் இந்திரா வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2016இல் அதுவே பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டமாக மாறியது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 70,000 ரூபாயாக இருந்த உதவி 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல காரியந்தான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பங்கு. முன்பு இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 75 சதவிகிதமும் மாநில அரசு 25 சதவிகிதமும் போட்டன. 2015-16ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் பங்கு 60 சதவிகிதமாகக் குறைந்தது. மாநிலத்தின் பங்கு 40 ஆயிற்று. அதாவது 1,20,000 ரூபாயில் மத்திய அரசு தருவது 72,000 ரூபாய்.

இரண்டாவது, தொகை. 2024 ஆகஸ்டில், மேலும் 2 கோடி வீடுகள் கட்ட 2029 மார்ச் வரை திட்டத்தை நீட்டிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வீடுகளின் எண்ணிக்கை கூடியது. ஒரு வீட்டுக்கான தொகை மட்டும் 2016இல் வைத்த அதே 1,20,000 ரூபாய்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். திட்டத்தின் விதிப்படி வீடு 25 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. நம் கணக்கில் ஏறத்தாழ 269 சதுர அடி. சதுர அடிக்கு விழுவது சுமார் 446 ரூபாய். இந்தப் பணத்தில் வீடு முடியுமா என்று உங்கள் ஊர் மேஸ்திரியைக் கேளுங்கள். அவர் சிரிப்பார். நமது மாநிலம் காங்கிரீட் கூரைக்கென்று தன் பணத்தைக் கூடுதலாகப் போட்டு வந்ததால்தான் பல வீடுகள் கூரை கண்டன. 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று வைத்தார்கள். சதுர அடிக்கு ஏறத்தாழ 972 ரூபாய். ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன ஆகும் என்பதற்கு இதையே ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

பத்து வருஷத்துக்கு முன்னே கொடுத்த கூலியையே இன்றைக்கும் ஒருவருக்குக் கொடுத்தால், கூலியை உயர்த்தவில்லை என்று மட்டும் சொல்வோமா? குறைத்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுத் தொகையும் அப்படித்தான். சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஏறும்போது தொகை நின்ற இடத்திலேயே நின்றால், அதுவும் வெட்டுத்தான். அறிவிப்பு இல்லாத வெட்டு.

இந்த வெட்டு யார் தலையில் விழுகிறது? அஸ்திவாரம் போட்டதும் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு தவணை என்று பணம் வருகிறது. தவணை தாமதமாகும். அதற்குள் விலை ஏறும். வீட்டம்மாவின் தோடு அடகுக்குப் போகும். பிறகு மீட்டர் வட்டி. அதற்கும் மேலே, அரை ஏக்கர் நிலம் அடமானம். வீடு கட்டப் போய் நிலம் போனால், அந்த வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்வது?

"சரி ஐயா, நாங்க என்ன செய்யணும்?" என்பீர்கள். சொல்கிறேன்.

முதலில், கேளுங்கள். தனித்தனியாகப் போய் மனுக் கொடுத்து நிற்பதை விட, ஊராகக் கூடிக் கேளுங்கள். நமது மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பயனாளிப் பட்டியல் அங்கே வர வேண்டும், படிக்க வேண்டும். அங்கே மூன்று தீர்மானங்கள் போடுங்கள். வீட்டுத் தொகையைப் பொருள் விலைக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்பது ஒன்று. அளவெடுத்த பிறகு தவணையைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டு. மனை இல்லாதவர்க்குத் தண்ணீர் தேங்காத மேட்டில் மனைப் பட்டா வேண்டும் என்பது மூன்று. இதைக் கேட்பது அரசுக்கு விரோதம் அல்ல. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழுவே தொகையை உயர்த்தச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறது.

அடுத்து, விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார் என்று முன்பு பலரைத் தள்ளினார்கள். 2024இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இரண்டரை ஏக்கர் பாசன நிலமோ ஐந்து ஏக்கர் மானாவாரி நிலமோ, அதற்கு மேலோ உள்ளவர்க்குக் கிடைக்காது. கிசான் கடன் அட்டையில் வரம்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வீண் அலைச்சல் இல்லை.

நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், அந்த ஆண்டு ஜூன் 19ஆம் தேதியன்று மிராசுதார் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள், தனிக்குடித்தனம் போனவர்கள் எத்தனையோ பேர் மனையில்லாமல் இருக்கிறார்கள். நிலம் உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து கையைத் தூக்கினால் தீர்மானத்துக்கு எடை கூடும். நாளைக்கு நம் வயலில் இறங்கப் போகிறவர் அவர்தானே?

கடைசியாக, கட்டும்போது கையிலுள்ள பணத்துக்குள் கட்டுங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். முடிந்த ஓர் அறை, முடியாத மூன்று அறையை விட மேல். பிறகு நீட்டிக்கொள்ள ஒரு பக்கம் இடம் விட்டு வையுங்கள்.

கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. கூரையில் காங்கிரீட்டின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடு வைத்துப் போடும் முறையும் உண்டு. அதில் காங்கிரீட் குறையும். இரண்டையும் ஒன்றியப் பொறியாளரிடமோ ஓவர்சியரிடமோ கேட்டு, பழகிய கொத்தனாரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கரிசல் மண் ஊர்க்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் வெடிப்புக்குள் ஒரு நீளக் கம்பியை விட்டு, எத்தனை அடி போகிறது என்று பாருங்கள். அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். மேலோடு நிறுத்தினால் சுவர் விரிசல் விடும். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்விடுவதிலும் சிக்கனம் வேண்டாம். கூரை போட்டபின் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பதினான்கு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். காசு செலவில்லாமல் கூரைக்குப் பலம் சேர்க்கிற வேலை இது.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களும் மகளிர் குழுவினரும் உட்கார்ந்து, நம் ஊரில் கூரை ஒழுகுகிற வீடு எத்தனை, மனை இல்லாத குடும்பம் எத்தனை, பாதியில் நிற்கிற வீடு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு சபைக்குப் போங்கள். எண்ணிக்கையோடு கேட்கிற ஊரை எந்த அதிகாரியும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.