எதையும் சேர்க்காத ஒயின்

முதல்லயே சொல்லிடறேன், இது ஒயின் குடிக்கச் சொல்ற எபிசோட் இல்லை. ஒரு குடும்பம் தன் தோட்டத்துல எதையெல்லாம் நிறுத்திச்சு, அதுக்கு எவ்வளவு மெனக்கெட்டுச்சுன்னு பார்க்கப் போறோம்.

இடம், பிரான்ஸ்ல போஜொலே பகுதி. 1973-ல மார்செல் லபியேர் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்தை எடுத்து நடத்த ஆரம்பிக்கிறார். அப்போ ஊர் வழக்கம் என்ன? தோட்டத்துக்குக் களைக்கொல்லி, பூச்சிமருந்து. தொட்டிக்குள்ள பாக்கெட் ஈஸ்ட், சர்க்கரை, கெடாம இருக்கக் கந்தகம். ஒயின் சீக்கிரம் ரெடியாகும், நல்லா விற்கும். ஆனா மார்செலுக்கே தன் ஒயின்ல திருப்தி இல்லை.

1981-ல ஜூல் ஷோவேயைச் சந்திக்கிறார். அவர் ஒயின் வியாபாரி, வேதியியலும் தெரிஞ்சவர். அவர் வழி ரொம்ப சிம்பிள். நம்ம இட்லி மாவுல யாராவது ஈஸ்ட் போடறோமா? உளுந்து, அரிசியோட வர்ற நுண்ணுயிர்களே மாவைப் புளிக்க வைக்குது. திராட்சையோடயும் அப்படித்தான் ஈஸ்ட் வரும். ஆனா தோட்டத்துல கண்டபடி மருந்து அடிச்சா அதுவும் சாகும். அப்புறம் பாக்கெட் ஈஸ்ட் வாங்கணும். ஒரு டிபென்டென்சி இன்னொன்னை இழுத்துட்டு வர்ற கதைதான்!

அதனால மார்செல் மாற்றத்தை மண்ணுல இருந்தே ஆரம்பிச்சார். ரசாயன மருந்தை நிறுத்தினார். நல்லாப் பழுத்த பிறகு கையால பறிச்சு, அழுகின பழத்தை ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுத்தாங்க. ஏன்னா கந்தகம் இல்லாதப்போ, கெட்ட பாக்டீரியா புகுந்தா ஒரு வருஷ உழைப்பே வினிகர் ஆயிடலாம். 'குறைவான தலையீடு'ன்னா சும்மா இருக்கிறது இல்லைங்க, வேலை இன்னும் அதிகம்.

நானும் ஒருமுறை ஆபீஸ்ல 'இது எதுக்கு?'ன்னு ஒரு பழைய செக்கை டெலீட் பண்ணேன். அது அமுக்கி வெச்சிருந்த எரர் எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நின்னுச்சு. கந்தகத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி மார்செல் தோட்டத்தைச் சரி பண்ணார். நான் அந்த வேலையைச் செய்யலை.

மார்செல் 2010-ல இறந்துட்டார். மகன் மத்யூவும் மகள் கமீயும் தொடர்ந்தாங்க. அவங்க மோர்கோன் ஒயின் கந்தகமே இல்லாமலும் வருது, துளி கந்தகத்தோடயும் வருது. தூரப் பயணம், சூடு இதையெல்லாம் தாங்கணும்னா அந்தத் துளி உதவும். பிடிவாதம் பிடிக்காத அந்தக் குணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

உங்க வேலையில எதைத் தூக்கிட்டு அப்புறம் மாட்டிக்கிட்டீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பேசலாம்!